27 வீதம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு டீவிப் பெட்டிக்கு அப்டேட் வந்தது. பெட்டி என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். டீவியின் முதுகில் தொங்குகிற, உள்ளங்கையில் அடங்குகிற சாமான். நெட்டில் படமும் மேட்சும் காட்டும். மச்சான் கொழும்பில் புடவைக்கடையில் நின்று சேர்த்த காசில் வாங்கி வந்தது. திரையில் இங்கிலீஷில் ஒரு வரி: அப்டேட் நடக்கிறது, பெட்டியை அணைக்க வேண்டாம். அதற்குக் கீழே ஒரு நீலக் கோடு.

கோடு நகர்ந்தது. 5 வீதம், 12, 19. 27க்கு வந்ததும் திரை கறுத்தது. கொம்பனியின் சின்னம் வந்தது. மறுபடி அதே வரி, அதே கோடு, 1 வீதம். திரும்ப 27. கறுப்பு. சின்னம். 1.

நாலாவது சுற்றில் சின்னவன் அழத் தொடங்கினான். ஆறாவது சுற்றில், நாடகம் பார்க்க வந்த பக்கத்துக் காம்பரா சின்னம்மா வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். என் அம்மா மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். 41 வருடம் கொழுந்து பறித்தவள். ஒன்பதாவது சுற்றில் வாயைத் திறந்தாள்.

"இது நம்ம வீட்டுத் திட்டம்டா. நான் பாத்ததுதான்."

அதோடு பெட்டி மேல் இருந்த என் கோபம் இடம் மாறிவிட்டது.

முறைப்படி கொம்பனிக்குப் போன் போட்டேன். தமிழுக்கு 3 என்றது. 3ஐ அமத்தினேன். பாட்டு. பாட்டு முடிந்ததும் சிங்களம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். வயரைக் கழற்றி முப்பது விநாடி கழித்துக் குத்தச் சொன்னார்கள். குத்தினேன். 27. பிழை உங்கள் பக்கத்தில் என்றார்கள். ஃபெக்டரி ரீசெட் செய்யச் சொன்னார்கள். அதாவது உள்ளே சேர்த்து வைத்த எல்லாவற்றையும் அழித்து, பெட்டியை அது பிறந்த நாளுக்கே அனுப்புவது. அப்படியும் சரிவராவிட்டால்? "ஹெட்ட என்ன" என்றார் அந்தத் தம்பி. நாளைக்கு வாருங்கள் என்று அர்த்தம். பதுளை மாவட்டத்தில் எந்த ஆபீஸ் வாசலிலும் தமிழ் ஆளுக்கு முதலில் பாடமாகிற சிங்களம் இதுதான். நாங்கள் அதைத் தமிழில் கேட்டுக்கொள்வோம். ஹெட்ட, என்ன? என்ன நாளைக்கு? பதில் வந்ததில்லை.

மறுநாள் பதுளை டவுனில் ஒரு போன் திருத்துகிற கடைக்குப் பெட்டியைக் கொண்டுபோனேன். கடைப் பையனுக்கு இருபது வயது இருக்கும். பெட்டியைத் தொடக்கூட இல்லை. "கரண்ட் எங்கருந்து குடுக்கிறீங்க அண்ணே?" என்றான். டீவியின் யூஎஸ்பி ஓட்டையில் இருந்து என்றேன். சிரித்தான்.

அவன் சொன்னது இது. அந்த ஓட்டையில் வருவது பெரும்பாலும் அரை அம்பியர். பெட்டிக்கு ஒன்றாவது வேண்டும். சும்மா படம் ஓடும்போது எப்படியோ சமாளிக்கும். அப்டேட் நேரம் வைஃபை ஒரு பக்கம் இழுக்கும், உள்ளே மெமரியில் எழுதுகிற வேலை இன்னொரு பக்கம் இழுக்கும், வோல்டேஜ் விழும், பெட்டி செத்துப் பிழைக்கும். பிழைத்ததும் பாதி எழுதிக் கிடக்கிறதைப் பார்த்து, இது முழுசாக இல்லையே என்று தள்ளிவிட்டு, முதலில் இருந்து தொடங்கும்.

"பெட்டியில பிழையில்ல. அப்டேட்லயும் பிழையில்ல. முடிக்கிற அளவுக்குக் கரண்ட் குடுக்காம ஆரம்பிச்சு வச்சிருக்கீங்க, அதான்."

இருபது வயதுப் பையன், நூறு ரூபா கூட வாங்காமல், மலையகத்தின் அரசியல் வரலாற்றைச் சொல்லி முடித்துவிட்டான்.

கரண்ட் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலைக்கு அடியிலேயே கரண்ட் செய்கிறார்கள். உமா ஓயாத் திட்டம், 120 மெகாவாட். கரந்தகொல்லையில் பூமிக்குள்ளே மின்நிலையம். 2024 ஏப்ரல் 24ஆம் திகதி ஈரான் ஜனாதிபதியே வந்து திறந்து வைத்தார். அதற்குச் சுரங்கம் குடைந்தபோது, 2014 டிசம்பரில், உள்ளே நீர் பீறிட்டு, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, சுவர்கள் வெடித்தன. தண்ணீர் போய் கரண்ட் வந்தது. அந்தக் கரண்ட் எங்கள் லயத்துக்கு வருகிறபோது, ஒரே வயரில் பன்னிரண்டு காம்பரா. பின்னேரம் ஆறு மணிக்கு எல்லாரும் பல்பைப் போட்டால் பல்புக்குள் மின்மினிப் பூச்சி. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க கரண்ட் போனதே, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னாரே, அன்று கொழும்பு எப்படிக் கத்தியது! எங்கள் அம்மா கேட்டாள்: "ஒரு நாளைக்கா இவ்வளவு?"

சரி, ஃபெக்டரி ரீசெட்டுக்கு வருகிறேன்.

எங்களுக்கு அதைச் செய்து பார்த்த வருடம் 1948. சுதந்திரம் கிடைத்த அதே வருடம், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அதுவரை கோப்பியும் தேயிலையும் நட்டு, ரோடு வெட்டி, ரயில் பாதை போட்டு, வோட்டும் போட்டுக்கொண்டிருந்த சனத்தை ஒரே அமத்தில் அழித்தார்கள். பிறகு அப்டேட் தொடங்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். ஆட்களைக் கொழுந்து நிறுக்கிற மாதிரி நிறுத்தார்கள். 1974இல் அந்த மிச்சத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். 1988இல் இன்னொரு சட்டம். 2003இல் இன்னொன்று, அதோடுதான் கோடு 100 வீதம் தொட்டது. 55 வருடம். அந்த 55 வருடத்தில் எத்தனை பேர் தலைமன்னாரில் கப்பலேறினார்கள், எத்தனை குடும்பத்தில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று ஆனது, எத்தனை பேர் பிரஜையாகாமலே தேயிலைக்கு உரமானார்கள் என்பது அந்த நீலக் கோட்டில் தெரியாது.

பக்கத்தில் இதையும் வைத்துப் பாருங்கள். 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கொம்பனி ஒரு பிழையான அப்டேட்டை அனுப்பியது. உலகம் முழுக்க 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் எங்கள் வீட்டுப் பெட்டி மாதிரியே விழுந்து எழுந்து விழுந்து கிடந்தன. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகள் தடுமாறின. பிழையான கோப்பை 78 நிமிடத்தில் திரும்ப எடுத்தார்கள். கொம்பனித் தலைவர் அன்றைக்கே டீவியில் வந்து மன்னிப்புக் கேட்டார். அடுத்த வருடம் மார்ச்சில் கூகிளின் பழைய குரோம்காஸ்ட் டீவிப் பெட்டிகள் ஒரு சான்றிதழ் காலாவதியாகி ஒரே நாளில் செத்தபோதும், கொம்பனி முதலில் சொன்னது, தயவுசெய்து ரீசெட் செய்யாதீர்கள், நாங்கள் திருத்துகிறோம் என்றுதான். ஒரு சின்ன வட்டத் துண்டுக்கு, 2015இல் வந்த பழைய சாமானுக்கு, அந்த மரியாதை. 1948க்கு மன்னிப்பு எந்தச் சனலில், எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர்கள் சொன்னால், பெட்டியைத் திருத்தி வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம்.

சம்பளக் கோடு இன்னும் விசேஷம். மற்ற கோடுகள் நிற்கும். இது பின்னாலேயும் போகும். நாளுக்கு 1,000 ரூபா என்று 2015இல் கேட்டோம். 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தது. வந்து ஒரு வருடத்தில் ரூபாவே விழுந்துவிட்டது, 1,000 ரூபா பேருக்குத்தான் 1,000. 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் ஜனாதிபதி 1,700 என்று அறிவித்தார். பட்டாசு வெடித்தது. தோட்டக் கொம்பனிகள் கோர்ட்டுக்குப் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை. திரை கறுத்தது. செப்டெம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, சின்னம் மறுபடி வந்தது: அடிப்படைச் சம்பளம் 1,350. இப்போது 1,750 என்கிறார்கள். அதில் 1,550 கொம்பனி கொடுப்பது, 200 வேலைக்கு வந்ததற்கு அரசாங்கம் கொடுப்பது. பத்து வருடத்துக்கு முன் கேட்டதைக் கொடுக்கிறபோது விலைவாசி அடுத்த மலைக்கு ஏறியிருக்கும். அதுவும் முழுப்பேர் போட்டால்தான். ஒரு நாள் வேலையை நாங்கள் பேர் என்போம். சொன்ன கிலோ நிறுக்காவிட்டால் அரைப்பேர். மழையில் நனைந்த கொழுந்துக்குத் தண்ணீர் கழிவு, சாக்குக்குக் கழிவு. தராசில் கழிக்கிறவனுக்கு எந்தக் கோர்ட்டும் இடைக்காலத் தடை போட்டதில்லை.

வீட்டுக்கு வருவோம். அம்மா சொன்ன வீட்டுத் திட்டம்.

நல்ல பெட்டிகளில் உள்ளே இரண்டு அறை இருக்குமாம், கடைப் பையன் சொன்னான். ஆண்ட்ராய்ட் 2016இல், 7.0 பதிப்போடு, இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பழைய மென்பொருள் ஒரு அறையில் ஓடிக்கொண்டிருக்கும். புதியதை மற்ற அறையில் முழுசாக எழுதி, சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் ஆளை மாற்றும். புதியது ஓடாவிட்டால் பழையதுக்குத் திரும்பலாம். பெட்டி சாகாது.

எங்களுக்கும் இரண்டு அறைதான். முன் காம்பரா, பின் காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஆனால் எங்கள் ஏற்பாடு வேறு. பழைய அறை சரிந்து ஆளை மூடுகிறவரைக்கும் புதிய அறையை எழுதத் தொடங்குவதில்லை.

மீரியபெத்தையை நான் சும்மா உதாரணத்துக்கு இழுக்கவில்லை. கொஸ்லந்தையில், ஹல்துமுல்லப் பிரிவில் இருக்கிற தோட்டம். அந்த மலை இறங்கும், சனத்தை எடுங்கள் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இல் சொன்னது. 2011இல் மறுபடி சொன்னது. போனில் மேலே வந்து நிற்கிற நோட்டிபிகேஷனை விரலால் தள்ளிவிடுவோமே, அப்படித் தள்ளினார்கள். "போகச் சொன்னோம், அவர்கள்தான் போகவில்லை" என்று பிறகு சொன்னார்கள். எங்கே போகச் சொன்னீர்கள்? எந்தக் காணிக்கு? தோட்டத்தில் ஒரு கொய்யாக் கன்று நட தொரையிடம் கேட்க வேண்டிய ஆள், மலையை விட்டு எந்த மலைக்குப் போவான்? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கியது. பிள்ளைகள் சிலர் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அதனால் தப்பினார்கள். திரும்பி வந்தபோது லயம் இருந்த இடத்தில் சேறு. எத்தனை பேர் உள்ளே என்பதற்கு முதல் நாள் ஒரு கணக்கு, மறுநாள் ஒரு கணக்கு, வாரக் கடைசியில் இன்னொரு கணக்கு. நூற்றுக்கணக்கில் ஆரம்பித்துக் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு கிராம் கொழுந்துக்கும் கணக்கு வைத்திருக்கிற நாட்டில், லயத்தில் எத்தனை உயிர் இருந்தது என்று கணக்கில்லை.

தப்பியவர்களைப் பழைய தேயிலை பெக்டரியில் போட்டார்கள். கொழுந்து வாட்டுகிற இடத்தில் ஆட்கள் இரண்டு வருடம் வாடினார்கள். 2016இல் பூனாகலைப் பக்கம், மக்கல்தெனியவில் 75 வீடு கையளித்தார்கள். அந்த வீடுகளைத் திறந்தபோது எடுத்த படத்தில் சிரிக்காத அமைச்சர் இல்லை. அதே பூனாகலையில், 2023 மார்ச்சில், கபரகலை தோட்டத்தில் மண் மறுபடி இறங்கி லயங்களைத் தின்றது. 1 வீதம்.

இந்திய வீடுகள் கதையும் இருக்கிறது. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் பிரதமர் மோடி 10,000 வீடு என்றார். கூட்டத்தில் நானும் நின்றேன், கை தட்டினேன், மறைக்க ஒன்றுமில்லை. 2024 பெப்ரவரியில், முதல் கட்டமாக 1,300 வீட்டுக்கு அடிக்கல். ஏழு வருடத்துக்குப் பிறகு கல். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் விழா வைத்து 2,000 பேருக்குப் பத்திரம் கொடுத்தார்கள். ஆறு கிழமை கழித்து, நவம்பர் கடைசியில், டித்வா வந்தது. நாட்டில் 600க்கு மேல் ஆட்களைக் கொன்ற புயல், அதிகம் அடி வாங்கிய மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. எச்சரிக்கை தமிழில் ஒழுங்காக வரவில்லை என்று அப்போது எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். நாங்கள் ஆச்சரியப்படவில்லை. 1987இலேயே தமிழை அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதிவிட்டார்கள். அப்புத்தளை, பண்டாரவளை, ஹல்துமுல்ல எல்லாம் இருமொழிப் பிரிவு என்று 1999இல் வர்த்தமானியிலும் போட்டுவிட்டார்கள். எழுதுவது எப்போதும் சரியாகத்தான் எழுதுகிறார்கள். 3ஐ அமத்தினால் சிங்களம் வருகிறது, அவ்வளவுதான்.

எங்கள் ரயில் பாதையைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். தெமோதரையில் பாதையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் விமலசுரேந்திர என்ற இஞ்சினியர் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாராம். பக்கத்தில் ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டினாராம். அந்தச் சுற்றைப் பார்த்துத்தான் யோசனை வந்ததாம். இன்றைக்கும் தெமோதரை ஸ்டேஷனை விட்டுப் புறப்படுகிற ரயில், மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து வெளியே வரும். வெள்ளைக்காரர்கள் வந்து படம் பிடிக்கிறார்கள். கதை நிஜமோ பொய்யோ, அந்த ரயில் சுற்றினாலும் கீழே இறங்குகிறது. கடைசியில் பதுளைக்கு வந்து சேர்கிறது. எங்கள் தலைவர்களும் அதே தலைப்பாகையைப் பார்த்தவர்கள்தான். தேர்தலுக்குத் தேர்தல் அதை அவிழ்த்துக் கட்டுவதை மட்டும் கற்றுக்கொண்டார்கள். அரசாங்கத்தோடு சேர்ந்தால் உள்ளே இருந்து வாங்கித் தருவோம் என்பார்கள், விலகினால் வெளியே இருந்து போராடி வாங்கித் தருவோம் என்பார்கள். உள்ளேயும் வெளியேயும் போய் வந்ததில் அவர்கள் வாகனம் அப்டேட் ஆனது.

ஊவா மாகாண சபையை மறந்துவிட்டேனே. எல்லாரும் மறந்துவிட்டார்கள். கடைசியாக அதற்கு வோட்டுப் போட்டது 2014 செப்டெம்பர் 20. மீரியபெத்தை இறங்க 39 நாள் இருந்தது. சபையின் காலம் 2019இல் முடிந்தது; இன்னும் புதிய சபை இல்லை. அந்தப் பெட்டிக்கு நீலக் கோடு கூட வருவதில்லை. வயரையே கழற்றி வைத்திருக்கிறார்கள். முப்பது விநாடி இன்னும் ஆகவில்லை போலிருக்கிறது.

பெட்டி என்னவானது என்று கேட்பீர்கள். பையன் ஒரு அடாப்டர் கொடுத்தான், 5 வோல்ட், 2 அம்பியர். நேரே சுவர் பிளக்கில் குத்தச் சொன்னான். விடியற்காலை, எல்லாரும் பல்பை அணைத்த பிறகு, தொடங்கச் சொன்னான். நாலரை மணிக்குக் குத்தினேன். பிரட்டுக்குப் போக எழும்பிய அம்மாவின் மருமகளும், தூக்கம் கலைந்த சின்னவனும், நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். 26. 27. 28 என்றதும் சின்னவன் கத்திவிட்டான். கால் மணித்தியாலத்தில் முடிந்தது. ரீசெட் இல்லை. சேர்த்து வைத்த எதுவும் அழியவில்லை.

அதே கிழமை லயத்துக்கு ஆபீஸில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். கையில் புதிய படிவம், குடும்ப விபரம், காணி வீட்டுத் தேவைக்காம். எங்கள் காம்பராவுக்கு இது ஐந்தாவது படிவம். முதலாவது கேள்வி பெயர், இரண்டாவது அப்பா பெயர், மூன்றாவது லய நம்பர். அம்மா கேட்டாள், போன தடவை எழுதிக் குடுத்தது என்னாச்சு ஐயா? அது பழைய திட்டம் அம்மா, இது வேற, என்றார் வந்தவர். நல்ல மனிதர்தான். சப்பாத்தில் சேறு படாமல் நிற்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

ஆறாவது படிவத்தோடு வரப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும்போது பழைய ஐந்தையும் கொண்டுவாருங்கள். விட்ட இடத்தில் இருந்து எழுதுவோம். பெயர் மாறவில்லை, அப்பா பெயர் மாறவில்லை, லய நம்பரும் மாறவில்லை.